மஹிந்திரா எம்எம் 540 ஜீப்: வத்தல்மலை ஏற்றத்தில் கொதிக்கிறது, தார் ரோட்டில் ஆடுகிறது. எதை முதலில் பிடிப்பது?

தக்காளிஜீப் (பாலக்கோடு) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமனாரிடம் 1992 மாடல் எம்எம் 540 ஒன்று இருக்கிறது. பெஜோ டீசல் எஞ்சின், 2112 சிசி, நாலு கியர். ஒரு காலத்தில் பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிய வண்டி. பின்னால் தகரத்தில் கூடை உரசிய கோடுகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. நாலு வருடமாக மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் கிடந்தது. "இரும்புக்காரன் கேட்கிறான், போட்டுவிடலாம்" என்று அவர் சொன்ன அன்றைக்கு, "எனக்குக் கொடுங்கள் மாமா" என்று வாயை விட்டுவிட்டேன். வீட்டில் அதைச் சொல்லிக்காட்டாத நாளில்லை.

நான் ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. சனிக்கிழமை மதியம் பஸ் ஏறினால் ராயக்கோட்டை வழியாக இருட்டுவதற்குள் ஊர் வந்துவிடலாம். ஆக, வண்டிக்கு என்று என் கையில் இருப்பது சனி சாயங்காலமும் ஞாயிறும்தான்.

முதல் மூன்று ஞாயிறு டேங்கைக் கழற்றிக் கழுவவும், டீசல் ஃபில்டர் மாற்றவும், லைனில் காற்று எடுக்கவும் போயிற்று. நாலு ஹீட்டர் பிளக்கில் இரண்டு செத்திருந்தன, மாற்றினேன். பேட்டரி புதிது. ஸ்டார்ட் ஆன அன்றைக்குத் தெருவே கூடிவிட்டது. மாமனார் மட்டும் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. "ஓடுமா பார்" என்றார்.

ஓடுகிறது. ஆனால்:

மனைவியின் பெரியம்மாவுக்கு வத்தல்மலையில் மிளகுத் தோட்டம். அங்கே போகும்போது பாதி மலையில் ஹீட் முள் சிவப்புக்கு வந்துவிடுகிறது. நிறுத்தி, அரை மணி நேரம் ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றித்தான் மறுபடி ஏற வேண்டும். சமதளத்தில், அதியமான்கோட்டை வரை போய் வந்தாலும், முள் நடுவிலேயே நிற்கிறது. ஊரில் ஒரு மெக்கானிக் "அடைப்பே இதுதான்" என்று தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) பிடுங்கிக் கையில் கொடுத்துவிட்டார். ஒரு மாற்றமும் இல்லை.

அடுத்தது ஸ்டியரிங். 50-ஐத் தொடும்போது ஒரு பள்ளத்திலோ ரயில்வே கேட்டிலோ ஏறி இறங்கினால், முன் சக்கரம் இரண்டும் பேய் பிடித்த மாதிரி ஆடுகின்றன. பிரேக் அடித்து முழுசாக நிறுத்தினால்தான் அடங்குகிறது.

மூன்றாவது, ஏற்றத்துக்கு உதவும் என்று ஃபோர் வீல் லிவரைப் போட்டு, நாலு சக்கரமும் இழுக்கும்படி ஏறினேன். மேலே போனதும் லிவர் வெளியே வரமாட்டேன் என்கிறது. சுத்தியலால் தட்டித்தான் எடுத்தேன். தட்டியது தப்பா?

இது போக, முன்பக்க இடது சக்கரத்தைக் கழற்றப் போய் ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்ததில் ஒரு போல்ட் முறிந்தது. துரு என்று நினைக்கிறேன்.

போனஸில் 40,000 ஒதுக்கி வைத்திருக்கிறேன். 31 அங்குல டயர், இரண்டு அங்குலம் உயர்த்தும் லிஃப்ட் கிட், முன்னால் இரும்பு பம்பர், எல்இடி பார் என்று ஒரு பட்டியல் போட்டேன். எதை முதலில் வாங்கலாம்?


பழையஇரும்பு (தருமபுரி) எழுதியது:

தம்பி, பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வையுங்கள். முதலில் ஒரு கேள்வி. ரேடியேட்டருக்கு எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?

முப்பத்தோரு வருடம் டீசல் வண்டிகளோடு இருந்தவன் நான். நம் மாவட்டத்து போர் தண்ணீரைப் பற்றி வெளியூர்க்காரனுக்குச் சொன்னால் புரியாது. பல்லில் கறை ஏற்றுகிறது என்றுதானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அந்தக் கறை ஃப்ளோரைடு செய்யும் வேலை. ரேடியேட்டரைக் கொல்வது அது இல்லை, அதே தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு. வெந்நீர் அடுப்புப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் பித்தளைக் குழாய்க்குள்ளும் படிகிறது. நீங்கள் மலையில் நின்று ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் இன்னொரு பூச்சு ஏறுகிறது.

சமதளத்தில் முள் நடுவில் நிற்கிறது, மலையில் ஏறும்போது மட்டும் சிவப்புக்கு வருகிறது என்கிறீர்கள். அதுவே பாதி நோயைச் சொல்லிவிடுகிறது. ரோட்டில் ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். மலையில் வண்டி ஊர்கிறது, எஞ்சின் உழைக்கிறது, காற்றுக்கு ஃபேனை விட்டால் வேறு வழியில்லை. உங்கள் வண்டியில் ஃபேனைச் சுற்றித் தகரக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். இருக்காது என்று பந்தயம் கட்டுவேன். பெல்ட் மாற்றக் கைக்கு இடைஞ்சல் என்று யாரோ ஒரு புண்ணியவான் எப்போதோ கழற்றிப் போட்டிருப்பான். கூடு இல்லாத ஃபேன் பின்னால் இருக்கும் சூட்டுக் காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும்.

ரேடியேட்டரை இறக்குவதற்கு முன்னால் வண்டியைச் சூடாக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டு, முகப்பில் உள்ளங்கையை மெல்ல நகர்த்திப் பாருங்கள். அங்கங்கே ஜில்லென்று இருந்தால் அந்தக் குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை. ரேடியேட்டர் பட்டறையில் மேல் தொட்டியைக் காய்ச்சி எடுத்து, ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுத் துழாவி மறுபடி பற்ற வைப்பார்கள். ராடிங் என்று சொன்னால் தெரியும். ஆனால் ஒன்று, அது முடிந்து வருவதற்குள் எஞ்சின் பிளாக்கையும் கழுவிவிடுங்கள். பிளாக்கில் கிடக்கும் சேறு அப்படியே போய்ப் புது வழியை அடைத்தால் பட்டறைக்குக் கொடுத்த காசு தண்டம்.

ஹெட் கேஸ்கெட்டையும் (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு) சோதியுங்கள். காலையில் எஞ்சின் பச்சைத் தண்ணீராக இருக்கும்போது மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுங்கள். விடாமல் குமிழி வந்தால், அதில் புகை வாசமும் அடித்தால், செலவு பெரிது. சூடான வண்டியில் மூடியைத் திறந்து பார்க்காதீர்கள். என் இடது முழங்கையில் இருக்கும் தழும்புக்கு வயது இருபது.

தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிய மெக்கானிக்கிடம் எனக்குக் கோபம் இல்லை, நானே அந்தக் காலத்தில் நூறு வண்டியில் பிடுங்கியிருக்கிறேன். தப்புத்தான். ஏற்றத்தில் அது முழுசாகத் திறந்துதான் இருக்கும், எடுத்ததால் ஒன்றும் குறையாது. மற்ற நேரத்தில் எஞ்சின் சரியான சூட்டுக்கே வராமல் ஓடும், டீசலும் குடிக்கும், சிலிண்டரும் தேயும். திருப்பிப் போடுங்கள்.


ஜிப்சிக்காரி (கிருஷ்ணகிரி) எழுதியது:

அண்ணா, லிவரைத் தட்டியதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதே தப்பை நானும் செய்து, அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நம் வண்டிகளில் ஃபோர் வீல் போட்டால் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் போகிற தூரம் அதிகம், பின் சக்கரங்கள் குறுக்கே வெட்டிக்கொண்டு வரும். மண்ணாக இருந்தால் சக்கரம் லேசாகச் சறுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். தார் ரோடு சறுக்கவிடாது. வளைவுக்கு வளைவு ஷாஃப்டிலும் பல்சக்கரத்திலும் முறுக்கு ஏறிக்கொண்டே போகும். அந்த முறுக்குதான் லிவரைப் பிடித்து வைத்திருந்தது. சுத்தியல் வேண்டாம். வண்டியை நேராகப் பத்தடி ரிவர்ஸ் எடுங்கள், இல்லையென்றால் ஒரு பக்கச் சக்கரங்களை ஓரத்து மண்ணில் இறக்கி ஓட்டுங்கள். தானாகக் கழன்று வரும். தார் ரோட்டில் ஃபோர் வீல் போடுவதையே விட்டுவிடுங்கள், எஞ்சினுக்கும் அது வீண் சுமை.

அப்புறம் அந்த முறிந்த போல்ட். துரு இல்லை அண்ணா! பழைய ஜீப்புகளில் இடது பக்கச் சக்கரத்து நட்டுகளுக்குத் தலைகீழ் மரை. நீங்கள் ஏறி மிதித்து மிதித்து இறுக்கியிருக்கிறீர்கள். போல்ட் முகத்தைத் துடைத்துப் பார்த்தால் எல் என்று ஆங்கில எழுத்து இருக்கும்.

ஆட்டத்துக்கு வருவோம். முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கி, சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டுங்கள். (ஸ்டாண்டுக்குப் பதில் ஹாலோ பிளாக் கல் வைக்காதீர்கள், சொல்லாமல் உடையும். ரயில்வே கட்டைத் துண்டு கிடைத்தால் பரவாயில்லை.) ஆட்டம் தெரிந்தால் ஒருவரை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டிப் பாருங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்கவில்லை என்றால் கிங் பின், அதாவது முன் சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சு.

என் மாருதி ஜிப்சியில் கிங் பின்தான். மேலும் கீழும் இருக்கும் பேரிங் தேய்ந்து லூசாகி இருந்தது. அதன் இறுக்கத்தை ஷிம் என்ற மெல்லிய தகடுகளை எடுத்தும் சேர்த்தும் சரிசெய்ய வேண்டும். இரண்டு முன் சக்கரத்தையும் இணைக்கும் டை ராடைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையில் கொக்கி மாட்டி, ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பார்ப்பது. ஜிப்சிக்குச் சீல் போடாமல் 1 முதல் 1.8 கிலோவுக்குள் நகர ஆரம்பிக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு எண் வேறு, கையேட்டைப் பாருங்கள். முறை ஒன்றுதான். ஆட்டத்தை அமுக்கும் ஸ்டியரிங் டேம்பர் போட்டால் நின்றுவிடும் என்று யாராவது சொல்வார்கள். நிற்கும், ஆனால் தேய்மானம் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும்.


மலையேறி (அரூர்) எழுதியது:

எல்லோரும் வைத்தியமே சொல்கிறீர்கள். அலுமினிய ரேடியேட்டர் ஒன்று, எலக்ட்ரிக் ஃபேன் இரண்டு மாட்டினால் ஒரே ஞாயிறில் வேலை முடிந்தது. நான் அப்படித்தான் செய்தேன். சித்தேரி மலைக்கு வாரம் ஒருமுறை போகிறேன், முள் அசைவதில்லை.

டயரும் போடுங்கள் தம்பி. ஆசைப்பட்டு எடுத்த வண்டி. எல்லாம் சரியான பிறகுதான் என்றால் பழைய வண்டியில் எல்லாம் சரியாகும் நாள் என்று ஒன்று வரவே வராது.


பழையஇரும்பு (தருமபுரி) எழுதியது:

கடைசி வரி மட்டும் உண்மை.

அலுமினியம் நல்லதுதான், மறுக்கவில்லை. அதிலும் போர் தண்ணீரை ஊற்றினால் மூன்று வருடத்தில் இதே கேள்வியோடு வருவார். இரண்டு ஃபேனுக்கும் அந்தக் காலத்து ஆல்டர்னேட்டர் கரண்ட் கொடுக்குமா என்பது தனிக் கதை.

டயர் விஷயம். கம்பெனி போட்ட 6.00-16 டயரை விட 31 அங்குல டயர் ஏழெட்டு சதவீதம் பெரிது. அந்த அளவுக்கு கியர் விகிதம் உயர்ந்துவிடும். 62 குதிரைத்திறன் எஞ்சின், ஏற்கெனவே ஏற்றத்தில் திணறுகிறது. முதல் கியரில் ஏறிய இடத்தில் கிளட்சைக் கருக்க வேண்டி வரும். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், நிறுத்தும் தூரமும் கூடும். தம்பி, இவ்வளவு பேசினீர்கள், பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாலு வருடம் நின்ற வண்டியில் பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சியிருக்கும், ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கும். வத்தல்மலையில் ஏறுவது மட்டுமா, இறங்கவும் வேண்டுமே.


ஆர்சிபுக் (ஓசூர்) எழுதியது:

1992 வண்டி என்றால் 2007-இல் முதல் புதுப்பிப்பு, பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. ஆர்சி உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தீர்களா? அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அளவிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இரும்பு பம்பருக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அமைச்சகம் தடை சொல்லிவிட்டது. புதுப்பிப்புக்குப் போகும்போது ஆய்வாளர் முன்னால் நின்று எல்லாவற்றையும் கழற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.


தக்காளிஜீப் (பாலக்கோடு) எழுதியது:

நாலு ஞாயிறு கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி. மலையேறி அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள், டயர் ஆசையைத் தள்ளி வைத்திருக்கிறேன், விட்டுவிடவில்லை.

ஆர்சி 2027 வரை இருக்கிறது. மாமனார் வண்டியைத் தொடவில்லையே தவிர, 2022-இல் சத்தமில்லாமல் ஆள் வைத்து இழுத்துப் போய்ப் புதுப்பித்திருக்கிறார். இரும்புக்குப் போட நினைத்தவர் செய்கிற வேலையா அது?

எல் எழுத்து இருந்தது. துடைத்துப் பார்த்ததும் ஐந்து நிமிடம் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தேன்.

பழையஇரும்பு ஐயா பந்தயம் கட்டியிருந்தால் ஜெயித்திருப்பார். ஃபேன் கூடு இல்லை. அதுதான் கொட்டகையில் மாடு கழுநீர்த் தொட்டிக்கு மூடியாக இருந்தது. இத்தனை நாள் அதைத் தாண்டித்தான் நான் ஸ்பேனர் எடுக்கப் போய் வந்தேன். டிங்கரிங் கடையில் நெளிவு எடுத்து மாட்டிவிட்டேன்.

கை வைத்துப் பார்த்ததில் ரேடியேட்டரின் வலது பக்கம் கிட்டத்தட்ட பாதி ஜில்லென்று இருந்தது. பட்டறையில் தொட்டியை எடுத்ததும் உள்ளே சுவருக்கு அடித்த சுண்ணாம்பு போல வெள்ளை. பட்டறைக்காரர் என்னைப் பார்த்து, "பாலக்கோடா, பென்னாகரமா?" என்றார், அவ்வளவுதான். கம்பி விட்டுத் துழாவிச் சுத்தம் செய்து கொடுத்தார். குமிழி சோதனையில் ஒன்றும் வரவில்லை, ஹெட் கேஸ்கெட் தப்பித்தது.

பிளாக்கைக் கழுவும் வேலைதான் ஒரு முழு ஞாயிறைத் தின்றது. பிளாக்கின் அடியில் இருக்கும் டிரெய்ன் பிளக் துரு ஏறி அசையவில்லை. சூடு காட்டி, டீசல் விட்டு ஊறவைத்து, சாயங்காலம் திறந்தது. திறந்தும் ஒரு சொட்டு வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினேன். கேழ்வரகுக் களி மாதிரி ஒரு கட்டி விழுந்தது, பின்னாலேயே காப்பி நிறத்தில் தண்ணீர். ஹோஸை எதிர்ப்பக்கத்திலிருந்து கொடுத்து, வரும் தண்ணீர் தெளியும் வரை விட்டேன். தெளிய ஒன்றரை மணி நேரம்.

தெர்மோஸ்டாட்டைப் போடுவதற்கு முன்னால் சரிபார்க்கலாம் என்று ரசப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, மகளின் பள்ளித் தெர்மாமீட்டரோடு சேர்த்துக் கொதிக்கவிட்டேன். 82 என்று பொறித்திருந்தது, 83-இல் வாய் திறந்தது. மாமியார் வந்து பார்த்த பார்வையில் பாத்திரம் இப்போது என் சொத்தாகிவிட்டது. ரேடியேட்டரின் பிரஷர் மூடியையும் மாற்றினேன். ரப்பர் பிஸ்கெட் மாதிரி நொறுங்கியது. அழுத்தம் நிற்காவிட்டால் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும் என்று கேள்விப்பட்டிருந்தேன், இந்த மூடி எந்த அழுத்தத்தை நிறுத்தியிருக்கும்! இப்போது பாதிக்குப் பாதி கூலண்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும்.

பிரேக்: நாலு வீல் சிலிண்டரில் மூன்று கசிந்தன. சிலிண்டர் கிட், ஹோஸ், புது ஆயில், எல்லாம் மாற்றி காற்று எடுத்தாயிற்று. மனைவி பெடலை மிதிக்க, நான் அடியில் படுத்து நட்டைத் திறந்து மூட. "மிதி, பிடி, விடு" என்று இரண்டு மணி நேரம். ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு சரி, அந்தப் பிரேக்கோடு மலையிலிருந்து இறங்கியதை இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

ஜிப்சிக்காரி தங்கச்சி, பிரேக் மிதித்தும் ஆட்டம் நிற்கவில்லை. கிங் பின்தான். இடது பக்கம் கீழ் பேரிங்கில் உருளைகள் பதிந்து குழியே விழுந்திருந்தது. சீல் கிழிந்து கிரீஸ் எல்லாம் வெளியேறி, உள்ளே செம்மண்ணும் துருவும்தான் இருந்தன. ஒருநாள் ஷிப்ட் முடிந்து பெங்களூரு ஜேசி ரோட்டுக்குப் போய் இரண்டு பக்கத்துக்கும் பேரிங், சீல், ஷிம் வாங்கி வந்தேன். தராசுக்கு அலையவில்லை. தக்காளி எடை போட்ட ஸ்பிரிங் தராசு பரண் மேல் இருந்தது. அதைத் துடைத்து ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை மாட்டி முள் சரியா என்று பார்த்துக்கொண்டுதான் இழுத்தேன். ஷிம் எடுப்பதும் போடுவதுமாக ஒரு பக்கத்துக்கு ஆறு முறை ஆனது. ரயில்வே கேட்டில் இப்போது 50-இல் இறங்கினாலும் கை அதிரவில்லை.

60-ஐத் தாண்டினால் மட்டும் லேசாக ஒரு நடுக்கம். டயரின் பக்கச்சுவரில் கடைசி நாலு எண் 2311. அதாவது 2011-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. ஒரே இடத்தில் நின்று வட்டமும் போய்விட்டது. ஆக, மிச்சமிருக்கும் பணத்தில் டயர்தான் வாங்கப் போகிறேன். 6.00-16.


ஜிப்சிக்காரி (கிருஷ்ணகிரி) எழுதியது:

ஆறு முறை என்றால் நல்ல கை அண்ணா. எனக்கு ஒன்பது. ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை மறுபடி இழுத்துப் பாருங்கள், புதுப் பேரிங் கொஞ்சம் உட்காரும். சரி, மலைக்குப் போனீர்களா?


தக்காளிஜீப் (பாலக்கோடு) எழுதியது:

போன ஞாயிறு போனோம். மாமனாரும் ஏறிக்கொண்டார், யாரும் கூப்பிடவில்லை. ஃபோர் வீல் போடாமலே மேல் வரைக்கும். முள் நடுவைத் தாண்டி ஒரு நூல் ஏறியது, அங்கேயே நின்றது. வழக்கமாக நாங்கள் நிறுத்தித் தண்ணீர் ஊற்றும் வளைவு வந்ததும் அவர் என்னைப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே விட்டு வந்தேன், மிளகு மூட்டை இரண்டு பின்னால்.

வீட்டுக்கு வந்து நான் கை கழுவி வருவதற்குள் மனுஷன் போர் குழாயில் ஒரு குடம் பிடித்துக்கொண்டு பானட்டைத் திறந்து நிற்கிறார். "மலைக்குப் போய் வந்த வண்டிக்குத் தண்ணி காட்ட வேண்டாமா?"

குடத்தை வாங்கி மாட்டுக்கு வைத்தேன். ரேடியேட்டர் மூடிக்குச் சிவப்பு பெயிண்ட் அடித்து, பக்கத்தில் ஐந்து லிட்டர் டிஸ்டில்ட் வாட்டர் கேனைக் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறேன். இந்த வாரம் போன் பண்ணினார். கேனில் தண்ணீர் குறைந்துவிட்டதாம், நிரப்பி வைத்துவிட்டாராம்.

எதிலிருந்து நிரப்பினீர்கள் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.